பணிவா? பண்பா?

பள்ளிக்கூடத்து வாயிற்படியை மிதித்த நம்மில் பலர், ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதிய மடல் எது? காதல் மடலன்று, கவிதை மடலுமன்று. "காய்ச்சலால் அவதியுறுவதால் இரண்டு நாள் விடுமுறை தந்தருளுமாறு தங்களை மிகத் தாழ்மையுடன் இறைஞ்சுகிறேன்" என்னும் விடுமுறை மடல்தான்! காய்ச்சல் உடம்புக்கு வந்தது, சரி. தாழ்மை எதற்கு வந்தது? ஆசிரியரும் கேட்கவில்லை, மாணவனும் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்த அண்டைவீட்டு அண்ணனும் கேட்கவில்லை. பத்து வயதுச் சிறுவன், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று கையொப்பமிட்டான். இருபத்தைந்தாம் வயதில் வேலை கேட்டு எழுதியபோதும் அதே தாழ்மை. அறுபதாம் வயதில், தான் உழைத்து ஈட்டிய ஓய்வூதியத்தைக் கேட்டு எழுதியபோதும் அதே இறைஞ்சல். காய்ச்சல் இரண்டு நாளில் தணிந்தது. தாழ்மை ஐம்பது ஆண்டாகியும் தணியவில்லை!

அண்மையில் நம்மைக் காண ஓர் இளைஞர் வந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் ஆள் அவர். தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி. படிப்புக்கென ஒதுக்கப்பட்ட உதவித்தொகை இரண்டு ஆண்டுகளாக வந்து சேரவில்லை. வெளி மாநிலத்திலுள்ள ஓர் அலுவலகத்துக்கு எழுதவேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து, "பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், ஐயா" என்று நீட்டினார்.

இலக்கணப் பிழை மிகுதியாக இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில், இரந்து நிற்றலைக் குறிக்கும் 'பெக்' என்ற சொல் நான்கு இடங்களில்! 'தாழ்மை' மூன்று இடங்களில்! 'தங்கள் பெருங்கருணை' இரண்டு இடங்களில்! முடிவில், 'இப்பேருதவிக்கு வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டவனாவேன்' என்றொரு வாக்குறுதி. எது பேருதவி? அவருக்கு உரிய பணம் அவருக்கு வந்து சேர்வது!

"தம்பி, இது யாருடைய பணம்?" என்று கேட்டோம்.

"எனக்கென்று ஒதுக்கிய பணந்தான், ஐயா."

"பிறகு ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள்?"

"இப்படி எழுதினால்தான் மரியாதை என்றார்கள்."

மரியாதை! அந்த ஒரு சொல் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது மரியாதையாகக் கேட்பது பண்பு. அதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின், மரியாதையாகக் கேட்பதும் தன்னைத் தாழ்த்திக் கேட்பதும் ஒன்றுதானா? ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்க முடியாதா? "மண்டியிடாதே, அதட்டிக் கேள்!" என்பார் சிலர். அதட்டல், எளியவனைக் கண்டால்தான் துள்ளும். வலியவனைக் கண்டால் அதுவே முதலில் மண்டியிடும். "பணிவுதான் தமிழனின் பண்பாடு" என்பார் வேறு சிலர். அவர்களுடைய பணிவு மேல்நோக்கி மட்டுமே பாயும் விந்தையான ஆறு என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்விரு சாராருக்கும் விடை கூறவல்ல செய்தி ஒன்று, அந்த இளைஞர் எந்த மொழியில் தாழ்ந்து எழுதினாரோ அந்த ஆங்கிலத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஆங்கிலம் பயிற்றும் நூல்கள், வேண்டுகோள் என்னும் பாடத்திலே 'கேன்', 'குட்', 'வில்', 'உட்', 'மே', 'மைட்' என்னும் துணைவினைகளை வரிசையாக நிறுத்தி, 'இது நண்பரிடம், இது மேலோரிடம், இது இன்னும் மேலோரிடம்' என்று படிக்கட்டாக அடுக்கிக் காட்டும். மாணவன் நெட்டுருச் செய்கிறான். 'கேன் யூ' என்பதைவிடக் 'குட் யூ' ஏன் மரியாதை என்று அவன் வினவுவதில்லை. வினவியிருந்தால் வியந்திருப்பான்!

'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகால வடிவம். 'உட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். உப்பு வேண்டுவது இப்பொழுது, இந்த மேசையில். வினைச்சொல்லோ நேற்றைய சொல்! ஏன் இந்தக் கால மயக்கம்? மயக்கமன்று, நயம். தன் விருப்பத்தைக் கேட்பவன், அதைக் கொண்டுபோய் மற்றவர் முகத்தில் இடிக்காமல், ஓர் அடி தள்ளி வைக்கிறான். காலத்தில் விலகி நிற்கும் சொல், நெருக்குதலிலிருந்தும் விலகி நிற்கிறது. 'உங்களுக்கு இயலுமாயின்' என்ற சொல்லாத சொல் ஒன்று அதனுள் ஒளிந்திருக்கிறது. இயலாது என்று கூறவும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. மறுப்பதற்கு இடம் விட்டுக் கேட்பதே வேண்டுகோள். இடம் விடாமல் கேட்பது கட்டளை.

இங்கே ஒன்றை ஊன்றிக் காணவேண்டும். மென்மை எங்கே இருக்கிறது? வினைச்சொல்லில் இருக்கிறது. கேட்பவனின் முதுகில் இல்லை! 'குட் யூ' என்பவன் தன்னை 'அடியேன்' என்று கூறிக்கொள்ளவில்லை. எதிரே இருப்பவரை 'ஆண்டவனே' என்று விளிக்கவுமில்லை. இருவரும் நிமிர்ந்தே நிற்கிறார்கள். இடையிலுள்ள வினை மட்டும் சற்றே வளைந்து கொடுக்கிறது. 'பெக்' என்று எழுதும்போதோ, வினை வளையாமல் நிற்கிறது; மனிதன் வளைகிறான். அந்த இளைஞரின் மடலில் நம்மை உறுத்திய வேறுபாடு இதுதான்.

இத்துணைவினைகளின் பிறப்பும் கேட்கத்தக்கது. 'கேன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'அறிவேன்' என்று பொருள். 'மே' என்பதற்கு 'வலிமையுடையேன்' என்று பொருள்; வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற பெயர்ச்சொல் அதன் உறவு. 'ஷல்' என்பது 'கடன்பட்டிருக்கிறேன்'. 'வில்' என்பது 'விரும்புகிறேன்'. அறிவு, வலிமை, கடன், விருப்பம் என்னும் நான்கு தூண்கள்மேல் அம்மொழி வேண்டுகோளையும் விதியையும் கட்டியிருக்கிறது. 'மஸ்ட்' கதை வேடிக்கையானது. 'செய்யலாம், தடையில்லை' என்று பொருள்பட்ட அடியில் பிறந்து, 'செய்தே தீரவேண்டும்' என்று வந்து முடிந்தது. இசைவில் தொடங்கிக் கட்டாயத்தில் முடிவது அரசுகளுக்குப் பழக்கம். ஒரு சொல்லும் அவ்வாறே வளர்ந்திருக்கிறது! 'குட்' என்று எழுதுகையில் நடுவிலே நிற்கும் 'எல்' என்னும் எழுத்தும் பிறப்பிலே வந்ததன்று. 'உட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. ஒலிப்பதில்லை, உதவுவதில்லை, ஆனால் இடம் பிடித்து அமர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டோரைச் சில அலுவலகங்களில் நாம் கண்டதுண்டு. அது வேறு கதை.

மற்றொன்று: இத்துணைவினைகள் ஆள் பார்த்து உருமாறுவதில்லை. மற்ற வினைகள் படர்க்கை ஒருமைக்கென்று வால் சேர்த்துக்கொள்ளும், இவை சேர்த்துக்கொள்ளா. மன்னனுக்கும் 'மே', மாடு மேய்ப்பவனுக்கும் 'மே'.

ஆங்கிலேயர் பிறவியிலேயே சமன்மை கண்டவர்களோ என்று எவரும் மயங்கவேண்டா. அவர்களிடமும் ஒரு 'நீ' இருந்தது. 'தௌ' என்பது அதன் பெயர். கீழோரையும் நெருங்கியோரையும் 'தௌ' என்றார்கள். மேலோரை 'யூ' என்றார்கள். 1603ஆம் ஆண்டு வால்ட்டர் ராலே மீது அரசத் துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை இழிவுபடுத்த எடுத்த கருவிகளில் ஒன்று இந்தத் 'தௌ'தான். வீரர், அறிஞர், கடலோடி... அவரை அறமன்றத்தில் 'நீ' என்றழைத்தால் போதும், பாதித் தண்டனை முடிந்தது!

அந்த நூற்றாண்டின் நடுவிலே ஒரு கூட்டம் கிளம்பிற்று. ஜார்ஜ் பாக்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்ட குவேக்கர்கள். 'எல்லாரும் ஒரு தரம். ஆகவே எல்லாரையும் தௌ என்போம்' என்றனர். நீதிபதியைத் 'தௌ' என்றனர். செல்வரைத் 'தௌ' என்றனர். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். அடி விழுந்தது, சிறைக்கதவு திறந்தது, தந்தை மகனை வெறுத்தார். கடற்படைத் தலைவரின் மகனான வில்லியம் பென், தொப்பி கழற்றாத குற்றத்துக்காகத் தந்தையின் சீற்றத்துக்கு ஆளானார். ஒரு சொல்லுக்காகவா, ஒரு தொப்பிக்காகவா இத்தனை துன்பம் என்று கேட்கலாம். தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்ன நாட்டிலே பிறந்த நமக்கு, அந்தக் கேள்வி எழாது.

முடிவில் நடந்தது என்ன? குவேக்கர் விரும்பியபடி எல்லாரும் 'தௌ' ஆகவில்லை. எல்லாரும் 'யூ' ஆனார்கள்! உயர்ந்தோனை இறக்காமல் தாழ்ந்தோனை ஏற்றியது அம்மொழி. அறம் கருதியா? இல்லை. யாரை எப்படி அழைத்தால் வம்பு என்று அஞ்சி, எல்லாரையும் உயர்த்தி வைத்தனர் என்றே தோன்றுகிறது. அச்சத்தால் வந்தாலும் நல்லது நல்லதுதான்.

அப்படியாயின், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' எங்கிருந்து வந்தான்? அவனும் அங்கிருந்துதான் வந்தான். ஆனால் அங்கே அவன் வெறும் ஒப்பனை. 1804ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆரன் பர், அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற இரு தலைவர்கள், துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறிக்குமளவு பகை முற்றி மடல்கள் எழுதிக்கொண்டனர். ஒவ்வொரு மடலின் அடியிலும் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்'! அந்த ஊழியர்களில் ஒருவர் மற்றவரைச் சுட்டு வீழ்த்தினார். இந்தியாவை ஆண்ட ஆங்கில அதிகாரியும் தனக்குக் கீழுள்ளவருக்கு எழுதிய அலுவல் மடலில் அப்படித்தான் கையொப்பமிட்டார். எழுதியவரும் நம்பவில்லை, படித்தவரும் நம்பவில்லை. அவருக்கு அது மடலுக்கு ஒட்டும் அரக்கு. நமக்கோ அது தோலில் வைத்த சூடாயிற்று. ஏனெனில் நாம் அதை நம்பினோம்! ஏற்கெனவே 'அடியேன்' என்றும், 'மகாராஜராஜஸ்ரீ' என்றும் எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் கிடைத்ததும் தாவிப் பற்றிக்கொண்டது. 'உட் யூ', 'குட் யூ' என்னும் நிமிர்ந்த மரியாதையைத் தம் மன்றங்களிலே தமக்குள் பேசிக்கொண்டவர்கள், நரைத்த தலையுடைய பணியாளரைப் 'பாய்!' என்று கூவினார்கள். நமக்கு வந்து சேர்ந்தது கூவலும் குனிதலுமே.

குனிந்தால் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. 1775ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பேராளர்கள், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மிகப் பணிவாக ஒரு விண்ணப்பம் எழுதினர். 'ஒலிவக் கிளை விண்ணப்பம்' என்பது அதன் பெயர். மன்னர் அதை ஏற்கவே மறுத்தார். அடுத்த ஆண்டு அவர்கள் விடுதலைப் பறைசாற்றல் எழுதினர். அதற்கு மன்னரின் இசைவு தேவைப்படவில்லை.

ஆங்கிலத்தைச் சொன்னோம், நம் வீட்டையும் பார்க்கவேண்டாமா? தொல்காப்பியர், கேட்கும் சொற்களை மூன்றாகப் பிரித்தார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்பான். ஒத்தோன் ஒத்தோனிடம் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். வழக்கைக் கண்டு விதி கூறினார்; அவரைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயின், கேட்கும் சொல்லே கேட்பவனின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு நம்மிடம் எவ்வளவு பழமையானது என்பதை அறியவேண்டும். இன்றும் எழுபது வயது உழவுத் தொழிலாளி மூதாட்டியை, நிலக்காரர் வீட்டுப் பேரன் 'வா, போ' என்கிறான். அவர் அந்தச் சிறுவனை 'வாங்க, போங்க' என்கிறார். ஆங்கிலம் விட்டொழித்த 'தௌ' நம் வரப்புகளில் சாதியின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இன்னும் நடமாடுகிறது.

ஆனால் தமிழில் வேறொரு வினையும் உண்டு. வியங்கோள்! வருக, தருக, செய்க, வாழ்க. உயர்திணை, அஃறிணை என்று பாராது. ஆண், பெண் என்று பாராது. மூவிடத்துக்கும் ஒரே வடிவாய் நிற்கும். வாழ்த்தவும் அதுவே, வேண்டவும் அதுவே, விதிக்கவும் அதுவே. 'மே'க்கும் 'உட்'டுக்கும் நாம் வியந்த பெருமை, நம் இலக்கணத்துக்குள் உறங்கிக் கிடக்கிறது. 'ஆவன செய்க' என்று எழுதினால் அதில் அதட்டலும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை. பேச்சிலும் நாம் வறியவர் அல்லேம். 'தர இயலுமா?' 'சற்று நகர்கிறீர்களா?' 'நான் வரலாமா?' என்பவையெல்லாம் மறுக்க இடம் விட்டு நிற்பவையே. இன்னொரு வியப்பு: 'வேண்டு' என்ற ஒரே அடியிலிருந்து 'வேண்டுகிறேன்' என்ற இறைஞ்சலும் பிறக்கிறது, 'வேண்டும்' என்ற உறுதியும் பிறக்கிறது. எதை எப்போது எடுப்பது என்பது நம் கையில். 1967ஆம் ஆண்டு அண்ணாவின் அரசு 'ஸ்ரீ' இருந்த இடத்தில் 'திரு'வை வைத்தபோது எள்ளியவர்கள் உண்டு. பெயர்ப்பலகையும் விண்ணப்பத் தாளும் ஒருவனுக்கு நாள்தோறும் பாடம் நடத்துகின்றன என்பதை அவர்கள் உணரவில்லை.

இனி, 'குட் யூ' எங்கும் நல்லதா? முதலாளி தொழிலாளியிடம் 'இன்றிரவும் தங்கி வேலை செய்ய இயலுமா?' என்று இனிக்க இனிக்கக் கேட்கிறார். இயலாது என்றால் நாளை வேலை இல்லை. மறுக்க முடியாதவனிடம் மறுக்க இடம் விட்டதாக நடிக்கும் சொல் அது, உறையிலிட்ட கத்தி. அதைவிட வெளிப்படையான கட்டளை நேர்மையானது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. நடிப்பாயினும் அச்சொல், 'உனக்கு மறுக்கும் உரிமை உண்டு' என்று ஒப்புக்கொண்டுவிட்டது. சங்கம் கூடிய பிறகு, ஒருநாள் தொழிலாளி அச்சொல்லைச் சொல்லியபடியே எடுத்துக்கொண்டு, 'இயலாது, ஐயா' என்று அதே இனிமையுடன் கூறலாம். கட்டளையோ அந்த வாயிலையும் அடைத்துவிடும். எனவே, மேலிருப்போர் கீழ்நோக்கிப் பேசும்போதே மென்மையான வினை முதலில் வேண்டும். கீழிருந்து மேலே போகும் மரியாதைக்கு இந்நாட்டில் என்றும் பஞ்சமில்லை.

கீழிருப்பவர் கேட்பது உரிமையாயின்? அங்கே 'குட்'டும் 'மே'யும் போதுமா? நாம் பட்டறிந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின்படி, ஆங்கிலம் மத்திய ஆட்சிமொழியாகத் தொடர்வதற்கான பதினைந்தாண்டுக் காலம் 1965 ஜனவரியில் முடியவிருந்தது. இந்தி பேசாத மக்களின் அச்சத்தைப் போக்கவென்று 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவிலே, இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்பதற்கு இட்ட சொல் 'மே'. திராவிட முன்னேற்றக் கழக உறுப்பினர்கள் அதைப் பிடித்துக்கொண்டனர். 'மே' என்றால் தொடரலாம், தொடராமலும் போகலாம்! 'ஷல்' என்று எழுதுங்கள் என்றனர். 'மே' என்றாலும் 'ஷல்' என்றாலும் இவ்விடத்தில் பொருள் ஒன்றே என்று பிரதமர் நேரு விடையிறுத்தார். பொருள் ஒன்றேயாயின் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் தடை என்ன என்பதற்கு விடை இல்லை.

நேருவின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் 1964 மே திங்களில் நேரு மறைந்தார். 'மே' மட்டும் சட்டத்தில் இருந்தது. நல்லவர் ஒருவரின் மனத்தில் 'ஷல்' ஆக இருந்தது, அவருக்குப் பின் வந்தோரின் கையில் வெறும் 'மே' ஆயிற்று. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவு இதுதான்: கருணை, ஆளோடு போய்விடும். 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் பல போயின. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுடன் மத்திய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலமே பயன்படுத்தப்படவேண்டும் என்ற இடத்தில் 'ஷல்' ஏறிற்று. பழைய 'மே' இருந்த இடத்திலேயே இருக்க, அதன் அருகே 'ஷல்' வந்து காவல் நின்றது. 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள்படப் பிறந்த சொல்லல்லவா அது! அரசு கடன்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்க இத்தனை விலை.

இவ்வளவும் எண்ணிவிட்டு, மறுநாள் அந்த இளைஞருடன் அமர்ந்தோம். நான்கு 'பெக்'குகளும் போயின. கருணையும் தாழ்மையும் போயின. வாழ்நாள் கடமையும் போயிற்று. 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற விளி இருந்தது, அது இருக்கவேண்டும். தொகை எந்நாளில் வரும் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையேன் என்னும் வரியை 'உட்', 'குட்' இரண்டையும் வைத்து எழுதினோம். அங்கிருப்பவரும் கோப்புகளுக்கிடையே அல்லற்படும் ஒரு மனிதர்தாமே. அவருக்கு மென்மையான வினை உரியது. பிறகு, உதவித்தொகை விதிகளின் படியை இளைஞரே பையிலிருந்து எடுத்தார். விரலால் வரிவரியாகத் தேடி ஓரிடத்தில் நிறுத்தி, "ஐயா, இங்கே 'ஷல்' என்றுதான் போட்டிருக்கிறது" என்றார். அவ்வரியை எண்ணுடன் மடலில் சேர்த்தோம்.

மடல் அரைப் பக்கமாகச் சுருங்கிற்று. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"கோபித்துக்கொள்ள மாட்டார்களா, ஐயா?"

"இதில் கோபிக்கத்தக்க சொல் எது என்று காட்டுங்கள்."

மீண்டும் படித்தார். காட்ட முடியவில்லை. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று எழுதப் பழகிய கை, அடியில் வந்ததும் ஒரு நொடி நின்றது. பிறகு, தம் பெயரை மட்டும் எழுதினார்.